கொல்லை வீட்டுக்கு நாய்: கிருஷ்ணகிரிப் பக்கம் சட்டம் என்ன சொல்கிறது, நடைமுறை என்ன

கேள்வி இது. கிருஷ்ணகிரி நகராட்சி எல்லைக்குள் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பம், பர்கூர் ஒன்றியத்தில் சொந்தக் கொல்லையில் (விவசாய நிலத்தில்) கட்டிய வீட்டுக்குச் சில மாதங்களில் குடிபோகிறது. நான்கைந்து ஆடு, ஒரு கறவை மாடு இருக்கிறது. காவலுக்கு நாய் வேண்டும். மகனுக்கு ராட்வைலர் மேல் ஆசை. உரிமம் எங்கே வாங்குவது, நாய் யாரையாவது கடித்தால் என்ன ஆகும், தெருவில் திரியும் நாய்களைப் பற்றி யாரிடம் புகார் கொடுப்பது என்று கேட்டிருக்கிறார்கள். நகராட்சி சுகாதாரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

சட்டத்தின் கணக்கில் நாய் இரண்டு வகைதான். 2023 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் இதைத் தெளிவாகப் பிரிக்கின்றன. வீட்டு நாய் என்றால் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை எல்லாம் வளர்ப்பவர் பொறுப்பு. தெருநாய் என்றால் அது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. ஆனால் நம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் மூன்றாவதாக ஒரு வகை உண்டு. நிலத்தையொட்டிச் சில வீடுகள் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு கொட்டாயிலும் பார்க்கலாம். ராத்திரி சோறு போடுவது ஒரு வீடு, பகலில் படுத்துக் கிடப்பது இன்னொரு வீட்டுத் திண்ணை, கழுத்தில் பட்டை கிடையாது, ஊசி போட்டதும் கிடையாது. ஆடு திருடன் வந்தால் ‘எங்க நாய்’. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கடித்துவிட்டால் ‘அது தெருநாய்ங்க, சும்மா வந்து படுத்திருக்கும்’. நான் பார்த்த நாய்க்கடித் தகராறுகளில் பாதிக்கு மேல் இந்த அரைகுறை நாய்களால் வந்தவைதான். நீங்கள் வளர்க்கப் போகும் நாய் இந்த மூன்றாம் வகைக்குள் போய்விடாமல் பார்த்துக்கொண்டால், மற்றப் பிரச்சினைகளில் முக்கால்வாசி வராது.

உரிமத்துக்கு வருவோம். நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் நாய் வளர்த்தால் அங்கே பதிவு செய்ய வேண்டும். கட்டணம், படிவம், அபராதம் எல்லாம் அந்தந்த மன்றத்தின் தீர்மானத்தைப் பொறுத்து ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம், ஆண்டுக் கட்டணம் 50 ரூபாய், உரிமம் இல்லாமல் வளர்த்தால் அபராதம் 5,000 ரூபாய் என்று கடுமையாக்கிவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இங்கேயும் அதே தொகைதான் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். கிருஷ்ணகிரியோ தருமபுரியோ ஓசூரோ, நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்தில் சுகாதாரப் பிரிவுக்குப் போய் சுகாதார ஆய்வாளரைப் பாருங்கள். தடுப்பூசி அட்டையின் நகல், வீட்டு வரி ரசீது அல்லது வாடகை ஒப்பந்தம், உங்கள் ஆதார் நகல், நாயின் புகைப்படம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘இப்போ யாரும் கேக்கறதில்ல சார், போங்க’ என்று பதில் வந்தால், வெள்ளைத்தாளில் மனுவாக எழுதித் தபால் பிரிவில் கொடுத்து, முத்திரை குத்திய நகலை வாங்கிவிடுங்கள். பத்து நிமிட வேலை. பின்னால் ஒரு தகராறு வந்தால் அந்த ஒரு தாள் உங்கள் பக்கம் பேசும்.

பேரூராட்சியில் செயல் அலுவலர், கிராமத்தில் ஊராட்சிச் செயலர். நீங்கள் குடிபோகும் இடம் ஊராட்சி என்பதால் உரிமத்துக்கென்று யாரும் உங்களைத் துரத்த மாட்டார்கள். அதற்காக ஆவணமே வேண்டாம் என்று ஆகாது. கிராமத்தில் உங்கள் முக்கிய ஆவணம் கால்நடை மருத்துவர் கையெழுத்துப் போட்ட தடுப்பூசி அட்டை. ‘இந்த நாய் இன்னாருடையது, இந்தத் தேதியில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடப்பட்டது’ என்று அதில் இருக்கும். நாய் கடித்தது என்று யாராவது வீட்டு வாசலில் வந்து நின்றால், முதலில் கேட்கப்படுவது அதுதான். காவல் நிலையத்திலும் அதைத்தான் கேட்பார்கள், ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் கேட்பார்கள்.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஸ்டெம்பர், பார்வோ போன்ற தொற்றுநோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி தொடங்கும். அது பெரும்பாலும் காசு கொடுத்துப் போடுவது. ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். ஒரு மாதம் கழித்து மருத்துவர் சொன்னால் இன்னொன்று, அப்புறம் ஆண்டுக்கு ஒன்று. பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்திலேயே இதைப் போடலாம். ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினம், செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். இந்த இரண்டு நாளையொட்டி கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் போடுவது வழக்கம். நம் ஊர்களில் அந்த முகாமுக்கு லேப்ரடாரும் பொமரேனியனும் வரிசையில் நிற்கும். கொட்டாய் நாய் ஒன்றைக்கூடக் காண முடியாது. வண்டியில் ஏற்றத் தெரியாது, கயிறு போட்டால் கடிக்கும் என்பார்கள். அதனால்தான் குட்டியாக இருக்கும்போதே கழுத்துப் பட்டைக்கும் கயிற்றுக்கும் பழக்கச் சொல்கிறேன். பெரிதான பிறகு அந்த நாயைப் பிடித்து ஊசி போடுவது மருத்துவருக்கும் ஆபத்து.

இப்போது கடி. இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டில் மட்டும் 4.8 லட்சம் பேரை நாய் கடித்தது, 43 பேர் ரேபிஸில் இறந்தார்கள். அறிகுறி வந்துவிட்டால் இந்த நோய்க்கு வைத்தியம் கிடையாது. ஆனால் கடித்த உடனே சரியானதைச் செய்தால் கிட்டத்தட்ட முழுதாகத் தடுத்துவிடலாம்.

கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மஞ்சள் எதையும் வைக்கக் கூடாது. கட்டுப் போடக் கூடாது, அவசரப்பட்டுத் தையலும் கூடாது. மந்திரிக்கிறவரிடம் போவதும், பச்சிலை குடிப்பதும், மூன்று நாள் உப்பில்லாமல் பத்தியம் இருப்பதும் இன்னும் நம் பக்கம் நடக்கிறது. நேர்த்திக்கடன் மாதிரி மனதுக்கு வேண்டுமென்றால் ஊசி போட்ட பிறகு செய்துகொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஊசி முதலில். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறை என்றால் 0, 3, 7, 28 ஆகிய நாள்கள். முதல் ஊசி போடும் நாள்தான் 0. தசையில் போடும் முறை என்றால் 14ஆம் நாளும் சேரும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால், குறிப்பாக முகம், கழுத்து, கை விரல் என்றால், தடுப்பூசி மட்டும் போதாது; இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்தைச் சுற்றியே செலுத்த வேண்டும். அது எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கும் என்று நம்பி நேரத்தைக் கடத்தாமல் கிருஷ்ணகிரி அல்லது தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் இந்த ஊசி போடலாம்.

இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. ‘காயம் ஆறிடுச்சு’ என்பார்கள். காயம் ஆறுவதற்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை. நோய் வெளிப்பட வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஆகலாம்.

கடித்தது உங்கள் நாயே என்றாலும் இதே முறைதான். அத்துடன் நாயை 10 நாள் கட்டிப்போட்டுக் கவனிக்க வேண்டும். நோயுள்ள நாய் அந்தப் பத்து நாளைத் தாண்டாது. குரல் மாறுவது, எச்சில் வடிவது, தாடை தொங்குவது, கல்லையும் கட்டையையும் கடிப்பது, சில நாய்கள் மூலையில் போய் ஒடுங்கிக் கிடப்பது போன்ற அறிகுறிகள் தெரிந்தால் பக்கத்தில் போகாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். ஊரே கூடிக் கட்டையால் அடித்துக் கொல்வது நம் பழக்கம். அது சட்டப்படி குற்றம். அதைவிட, நாய் உயிரோடு இருந்து 10 நாளைத் தாண்டினால் கிடைக்கும் நிம்மதி அத்துடன் போய்விடுகிறது. ஒன்று கவனம்: நாய் பிழைக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ஊசியை ஆரம்பித்துவிட்டுத்தான் நாயைக் கவனிப்பது.

வளர்ப்பவர் மீது வழக்கு வருமா? வரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தன்னிடம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ வரக்கூடும் என்று இருக்கும்போது அதைத் தடுக்கத் தேவையானதைச் செய்யாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 289ஆம் பிரிவாக இருந்தது, அபராதம் 1,000தான். இது தவிர, வைத்தியச் செலவுக்கும் நஷ்ட ஈட்டுக்கும் உரிமையியல் நீதிமன்றத்தில் தனியாக வழக்குப் போடலாம். நடைமுறையில் பெரும்பாலும் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பார்கள். அப்படிப் பேசும்போது நஷ்ட ஈட்டுத் தொகையோடு, எல்லா ஊசியும் முடியும் வரை வண்டிச் செலவும் கூலி இழப்பும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். கூலிக்குப் போகிறவர் நாலு நாள் வேலையை விட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது உங்கள் நாயால்தானே. வாசலில் ‘நாய் ஜாக்கிரதை’ பலகை மாட்டிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பலகை நல்லதுதான், கதவு தாழ்ப்பாள் அதைவிட நல்லது. பால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், மின் கணக்கெடுக்க வருகிறவர் இவர்கள் எல்லாம் பலகையைப் படித்துவிட்டும் உள்ளே வந்தாக வேண்டியவர்கள்.

ராட்வைலர் பற்றி. 2024 மார்ச்சில் மத்திய கால்நடைத் துறை 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ராட்வைலரும் அதில் இருந்தது. அடுத்த மாதமே கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்கள் அதை ரத்து செய்தன. சென்னை மாநகராட்சி மட்டும் 2025 டிசம்பரில் பிட்புல், ராட்வைலருக்குப் புதிய உரிமம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஆகவே பர்கூர் ஒன்றியத்தில் வளர்ப்பதற்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. என் யோசனை என்று கேட்டால், வேண்டாம். பலமான நாய், முறையான பழக்கம் வேண்டும், தினம் ஓட்டம் வேண்டும். பகலெல்லாம் வேலைக்குப் போய்விடும் வீட்டில் சங்கிலியில் கட்டிப் போட்டு, ஏப்ரல், மே வெயிலில் அதையும் வதைத்து, அக்கம்பக்கத்தையும் பயமுறுத்துவது எதற்கு? ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று நம் வெயிலுக்குப் பழகிய இனங்கள் இருக்கின்றன. அதையும்விட, பக்கத்துக் கொட்டாயில் ஈன்ற நாட்டுக் குட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஊசி போட்டு, ஆட்டோடு சேர்த்து வளர்த்தால் காவலுக்கு அது போதும். மகன் ஒத்துக்கொள்வாரா என்பது உங்கள் வீட்டுப் பஞ்சாயத்து.

காசு கொடுத்து வாங்குவது என்று முடிவானால், 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி வளர்ப்பாளர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக அட்டைப் பெட்டியில் வரும் முப்பது நாள் குட்டியை ஆசைப்பட்டு வாங்கிப் பார்வோவில் பறிகொடுத்தவர்கள் நிறைய. பதிவெண்ணைக் கேளுங்கள், தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் மழுப்பினால் கிளம்பி வந்துவிடுங்கள்.

கட்டிப்போடுவது பற்றியும் சட்டம் இருக்கிறது. 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில், நாயை எந்நேரமும் கட்டியே வைத்து நடமாட விடாதது, குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டுவது, தீனி தண்ணீர் நிழல் கொடுக்காதது, வேண்டாம் என்று கொண்டுபோய் விட்டுவிடுவது எல்லாமே குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் என்பது இன்றைய நிலவரத்துக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. கொன்றாலோ, ஊனமாக்கினாலோ, விஷம் வைத்தாலோ கதை வேறு. நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. தெருநாய்க்கும் இது பொருந்தும். தொப்பூர் கணவாய் ஓரத்திலும் ஒகேனக்கல் போகும் காட்டுப் பாதையிலும் வயதான நாய்களைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறார்களே, அதுவும் 11ஆம் பிரிவுக் குற்றம்தான்.

தெருநாய்க்கு வருவோம். கிருஷ்ணகிரியில் ‘நாய் வண்டி’ வந்து பிடித்துப் போனால் இனித் தொல்லை இல்லை என்று நினைக்கிறீர்கள். விதி அப்படி இல்லை. பிடித்த நாய்க்குக் கருத்தடை செய்து, ரேபிஸ் ஊசி போட்டு, காதில் அடையாள வெட்டு வைத்து, பிடித்த தெருவிலேயே திரும்ப விட வேண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ரேபிஸ் உள்ளவை, மூர்க்கமானவை மட்டும் விலக்கு. தெருவில் கண்ட இடத்தில் சோறு போடக் கூடாது, அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. நவம்பர் 7 அன்று இன்னொரு உத்தரவு: பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றில் பிடிக்கும் நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது, காப்பகத்தில் வைக்க வேண்டும். ஆகவே புகார் எழுதும்போது இடத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ‘எங்கள் தெருவில் நாய்த் தொல்லை’ என்ற மனு கோப்பில் தூங்கும். ‘இன்ன அரசுப் பள்ளி வளாகத்துக்குள் இத்தனை நாய், காதில் வெட்டு இல்லை, இன்ன தேதியில் ஒரு மாணவியைக் கடித்தது’ என்று மருத்துவமனைச் சீட்டின் நகலோடு எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். நகராட்சியில் ஆணையருக்கு, கிராமத்தில் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு. ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்து தேர்தல் நடக்காத காலத்தில் தனி அலுவலர் பொறுப்பில் இருப்பார், அவருக்கு அனுப்பலாம். நகரவில்லை என்றால் முதலமைச்சர் உதவி மையத்தின் 1100 எண்ணில் பதியுங்கள், அல்லது திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள்.

நாய் பெருகுவதற்குத் தீனிதான் முதல் காரணம். கோழிக்கடைக் கழிவு சாக்கடையிலும் ஏரிக்கரையிலும் கொட்டப்படும் வரை எத்தனை நாய்க்குக் கருத்தடை செய்தாலும் பக்கத்துப் பகுதியிலிருந்து புதிய நாய் வந்து சேரும். நாயைப் பற்றி மனுக் கொடுக்கும்போது அந்தக் கழிவைப் பற்றியும் ஒரு வரி சேருங்கள். கடைக்காரருக்கு நோட்டீஸ் அனுப்புவது சுகாதார ஆய்வாளருக்கு நாய் பிடிப்பதைவிடச் சுலபம்.

உங்களிடம் ஆடு மாடு இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தெருநாய் கடித்து ஆடு செத்தால் உடனே புதைத்துவிடாதீர்கள். கால்நடை மருத்துவரை வரவழைத்துப் பிரேதப் பரிசோதனை செய்து சான்று வாங்குங்கள். ஊராட்சிச் செயலருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் அன்றே தகவல் கொடுத்து, புகைப்படம் எடுத்து வையுங்கள். இப்படி இறக்கும் ஆட்டுக்கு அரசு இழப்பீடு 6,000 ரூபாய் என்று 2025இல் உயர்த்தியது. சான்று இல்லாமல் எதுவும் நகராது. மாட்டை நாய் கடித்தால் அதற்கும் கடித்த பின் போடும் ஊசித் தொடர் உண்டு; மருத்துவர் வீட்டுக்கே வர 1962 எண்ணைக் கூப்பிடலாம். மாடு வெறி வந்து செத்துவிட்டால், அதன் பால் குடித்த கொட்டாயே பீதியில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதை அடிக்கடி பார்க்கலாம். காய்ச்சிய பாலில் ரேபிஸ் பரவாது. மாட்டின் வாய்க்குள் கைவிட்டு மருந்து கொடுத்தவரும், கையில் உள்ள காயத்தில் அதன் எச்சில் பட்டவரும்தான் கட்டாயம் ஊசி போட வேண்டியவர்கள். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்துக் கையை விடுவதுதான் வழக்கமாக நடக்கும் ஆபத்து.

பெண் நாய் என்றால் கருத்தடை செய்துவிடுங்கள். மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் கேட்டால் அறுவைக்கு நாள் குறித்துக் கொடுப்பார்கள். செய்யாவிட்டால் ஆண்டுக்கு இரண்டு ஈற்று. அத்தனை குட்டிக்கும் ஆள் தேடி அலைந்து கடைசியில் சந்தையோரம் விட்டுவிட்டு வருவது, அங்கிருந்துதான் அடுத்த தலைமுறைத் தெருநாய் தொடங்குகிறது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, மகனுக்காக. பர்கூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் உறவினர் வீட்டுக்கு நாயைக் கூட்டிப்போனால் கயிற்றை விடாதீர்கள். காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அந்தப் பக்கம்தான். ‘சும்மா ஒரு முயல்’ என்று நாயை ஏவிப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை. வனத்துறை பிடித்தால் வழக்கு நாயின் மேல் போடமாட்டார்கள், ஏவியவர் மேல்தான். இரவில் காட்டோரக் கொட்டாயில் நாயை வெளியே கட்டிவைத்தால் சிறுத்தை தூக்கிப் போகும். மாட்டுக் கொட்டகைக்குள் கதவு சாத்தி அடைத்துவையுங்கள்.